மர்கட்ராய்டு: ஒரு மலைச்சரிவு குடும்பப் பெயரான கதை

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இதுதான். லீட்ஸில் வேலை பார்க்கும் நம் நண்பர் ஒருவருடைய டீமில் மர்கட்ராய்டு என்று குடும்பப் பெயர் உள்ள ஒருவர் இருக்கிறார். தங்கள் முன்னோர் பிரெஞ்சுப் பிரபுக்கள், பழைய ஆவணத்தில் பெயருக்கு முன்னால் 'டி' இருப்பதே அதற்குச் சாட்சி என்று அவர் சொல்கிறாராம். இது உண்மையா, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, ஏன் எங்கேயும் கேள்விப்படாத பெயராக இருக்கிறது, உலகத்தில் உள்ள எல்லா மர்கட்ராய்டுகளும் ஒரே குடும்பமா?

பிரெஞ்சும் இல்லை, பிரபுவும் இல்லை. வட இங்கிலாந்தின் யார்க்‌ஷர் மண்ணை விட்டு ஓர் அடிகூட வெளியே போகாமல் பிறந்த பெயர் இது. இங்கே பிராட்ஃபோர்டு பக்கம் வந்து குடியேறிய நாளிலிருந்து இந்த வட்டாரத்துக் குடும்பப் பெயர்கள் மேல் எனக்குத் தீராத ஆசை. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயரைப் பின்னாலிருந்து பிரிக்க வேண்டும், ஏனென்றால் பெயரின் சாவி கடைசித் துண்டான 'ராய்டு' என்பதில்தான் இருக்கிறது. காட்டை வெட்டி, வேர் பிடுங்கி, கல் பொறுக்கி, பயிர் வைக்கத் திருத்திய நிலத்துக்கு அந்தப் பக்கத்தில் வழங்கிய சொல் அது. நம் பழைய பாட்டுகளில் வரும் 'புனம்' கிட்டத்தட்ட அதேதான். பழைய ஆங்கிலத்தில் இது 'ராட்', 'ரோடு' என்ற மாதிரிதான் ஒலித்தது, 'ராய்டு' என்று ஆனது மேற்கு யார்க்‌ஷரின் வட்டார உச்சரிப்பால். அங்கே ஓகாரத்தை 'ஓய்' என்று வளைத்துச் சொல்வார்கள். நிலக்கரிக்கு 'கோல்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் பழைய தலைமுறை ஆட்கள் சொல்வது நம் காதில் அப்படியே 'கோயில்' என்று விழும். கரி கொட்டி வைக்கும் அறை 'கோயில் ஓயில்'. முதல் தடவை ஒரு வயதானவர் வாயிலிருந்து அதைக் கேட்டபோது எனக்கு ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை. அந்த வாய்தான் 'ரோடு' என்பதை 'ராய்டு' ஆக்கியது. அதனால்தான் ஒரு குடும்பப் பெயர் 'ராய்டு' என்று முடிந்தால், அது ஹாலிஃபாக்ஸ், ஹட்டர்ஸ்ஃபீல்டு பக்கத்து மலைப் பள்ளத்தாக்குகளில் பிறந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலும் தைரியமாகச் சொல்லலாம். ஏக்ராய்டு என்றால் ஓக் மரக் காட்டை வெட்டிய புனம், ஹோல்ராய்டு பள்ளத்தில் இருந்த புனம், பூத்ராய்டு மாட்டுக்காரரின் குடிசை இருந்த புனம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முதல் பெண் சபாநாயகர் பெட்டி பூத்ராய்டு, 1992 முதல் 2000 வரை அந்த நாற்காலியில் இருந்தவர், பிறந்தது இந்தப் பக்கத்து டியூஸ்பரியில்தான். ஊர்ப் பெயரிலும் இதே ராய்டு உண்டு. ஹாலிஃபாக்ஸிலிருந்து ஹெப்டன் பிரிட்ஜ் போகும் வழியில் மைதம்ராய்டு என்று ஒரு ஊர் வரும். நீரோடைகள் கூடும் இடத்துப் புனம் என்று அர்த்தம்.

நடுத்துண்டு 'கேட்'. இதை வாசல், கதவு என்று எடுத்துக்கொண்டால் வழி தவறிவிடும். வட இங்கிலாந்தில் 'கேட்' என்றால் பாதை, தெரு. 866-ல் யார்க் நகரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்ட ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்த சொல். யார்க்குக்குப் போனால் ஸ்டோன்கேட், மிக்கில்கேட் என்று தெருக்களுக்குப் பெயர் இருக்கும், ஆனால் கோட்டை வாசல்களை 'பார்' என்பார்கள். முதல்முறை போகிற எல்லோரும் குழம்பும் இடம் இது.

மிச்சம் இருப்பது 'மர்'. இதில் இரண்டு கருத்து உண்டு. ஒன்று 'மூர்', அதாவது பெனைன் மலையின் உச்சியில் மரமே இல்லாமல் ஹெதர் புதரும் ஈரக் கரி மண்ணுமாக விரிந்து கிடக்கும் மேட்டு நிலம். அப்படிப் பார்த்தால் மொத்தப் பெயரும் 'மூருக்குப் போகும் பாதையில் திருத்திய புனம்'. இன்னொன்று, முதல் இரண்டு துண்டுமே சேர்ந்து மார்கரெட் என்ற பெண் பெயரின் தேய்ந்த வடிவம், ஆகவே 'மார்கரெட்டின் புனம்'. இரண்டையும் படித்த அறிஞர்களே சொல்கிறார்கள். நான் பாதைப் பக்கம்தான் சாய்கிறேன். காரணம் பெரிய ஆராய்ச்சி எல்லாம் இல்லை, அந்த இடத்தில் நடந்து பார்த்தது. லடென்டன் கிராமத்தில் இறங்கி, ஓடையை விட்டு மேலே ஏறினால், இருபுறமும் சுண்ணாம்பு வைக்காமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர், காலடியில் நடுப்பகுதி தேய்ந்து குழிந்துபோன கல்பாவிய வழி, கொஞ்ச தூரம் வயல், அப்புறம் வயல் நின்றுபோய் காற்று மட்டும். எந்த வழியில் ஏறினாலும் முடிவது மூரில்தான். அங்கே ஒரு நிலத்துக்கு அடையாளம் சொல்ல வேண்டும் என்றால் 'மூர்ப் பாதைப் புனம்' என்பதுதான் யாருக்கும் வாயில் வரும்.

சரி, அந்த 'டி' விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெயரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் காட்டும் பழைய பதிவு 1371-ஐச் சேர்ந்தது. ஹாலிஃபாக்ஸை ஒட்டிய வார்லி என்ற ஊருக்குக் கான்ஸ்டபிளாகப் பொறுப்பேற்றவரின் பெயர் அதில் 'யோஹானஸ் டி மார்கட்ராய்டு' என்று இருக்கிறது. உங்கள் அலுவலக நண்பர் நினைப்பது இந்தப் பதிவைத்தான் என்று தோன்றுகிறது. இதில் யோஹானஸ் என்பது வெறும் ஜான். எழுத்தர் லத்தீனில் எழுதியதால் ஜான் யோஹானஸ் ஆனார், 'மார்கட்ராய்டைச் சேர்ந்த' என்பது 'டி' ஆனது. அந்தக் காலத்து நீதிமன்றக் கணக்கும் வரிக் கணக்கும் பெரும்பாலும் லத்தீனில்தான் எழுதப்பட்டன, கூலி வேலை செய்தவனுக்கும் ஊர்ப்பெயர் சேர்த்து எழுதினால் 'டி' போட்டுத்தான் எழுதினார்கள். ஆக அது பிரெஞ்சு வம்சத்தின் அடையாளம் கிடையாது, 'இன்ன இடத்து ஜான்' என்று அர்த்தம், அவ்வளவே. கான்ஸ்டபிள் என்பதையும் இன்றைய போலீஸ் வேலையாகவோ பெரிய பதவியாகவோ எடுத்துக்கொள்ளக் கூடாது, ஊர் அமைதிக்குப் பொறுப்பாக ஊர்க்காரர்களிலேயே ஒருவரை நிறுத்தும் வழக்கம் அது. ஆனால் ஒன்று, வழியில் போகிற ஆளை அதற்கு நிறுத்த மாட்டார்கள். நிலபுலனோடு ஊரில் ஓரளவு மதிப்பாக இருந்த விவசாயி என்று ஜானை நினைத்துக்கொள்ளலாம். அதுவே எனக்கு எந்தப் பிரபுவையும்விடப் பெருமையான தொடக்கமாகத் தெரிகிறது.

ஒருவரின் முகவரி எப்படி அவர் பிள்ளைக்கும் பேரனுக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. வார்லி, வேக்ஃபீல்டு மேனர் என்ற மிகப் பெரிய நிலவுடைமைக்குள் அடங்கியது. அங்கே நிலம் கைமாறினால், தகப்பன் இறந்து மகனுக்கு வந்தால்கூட, மேனர் நீதிமன்றத்தில் போய் நின்று, கட்ட வேண்டியதைக் கட்டி, தோல் சுருளில் பதிந்தால்தான் செல்லும். நம் ஊரில் பட்டா மாற்றுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுருள்கள் 1274-லிருந்து 1925 வரை ஏறக்குறைய இடைவிடாமல் இன்றும் இருக்கின்றன, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நிலம் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அந்தப் பெயரைத் தொடர்வதுதான் வாரிசுக்குப் பாதுகாப்பு. 'மார்கட்ராய்டு ஜான்' நிலம் அவன் மகன் வில்லியத்துக்கு வந்தால் அவன் 'மார்கட்ராய்டு வில்லியம்' ஆகிறான், பிறகு அவன் தம்பி பக்கத்து ஊருக்குக் குடிபோனாலும் பெயரைக் கூடவே எடுத்துப்போகிறான், அந்தக் கட்டத்தில் 'டி' உதிர்ந்துவிடுகிறது. தென் இங்கிலாந்தில் பரம்பரைப் பெயர் ஓரளவு சீக்கிரமே நிலைத்துவிட்டது, வடக்கே தாமதம். 1379-ல் போட்ட தலைவரிக் கணக்கு மேற்கு யார்க்‌ஷருக்கு மிக நன்றாகக் கிடைத்திருக்கிறது. சாதாரண ஜனங்கள் ஆளுக்கு, கல்யாணம் ஆனவர்கள் என்றால் ஜோடிக்கு, 4 பென்ஸ் கட்டிய கணக்கு. அதைப் புரட்டினால் இன்னார் மகன், இன்னார் வேலையாள், இன்ன தொழில்காரன் என்றெல்லாம் பெயர் இன்னும் உறையாமல் ததும்பிக்கொண்டிருப்பது தெரியும்.

ஏன் அரிது என்ற கேள்விக்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது. ஸ்மித் என்றால் கொல்லர், ஊருக்கு ஊர் ஒரு கொல்லர் இருந்தார், ஆகவே ஆயிரம் இடத்தில் தனித்தனியாக அந்தப் பெயர் முளைத்தது. மர்கட்ராய்டு என்ற புனம் ஒரே ஒரு மலைச்சரிவில் இருந்தது. ஒரு இடம், ஒரு குடும்பம், ஒரு வேர். அதுவும் 1348, 1349-ல் கொள்ளைநோய் வந்து இங்கிலாந்தின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறையாமல் வாரிக்கொண்டு போனதற்கு ஒரு தலைமுறை தள்ளி நாம் இந்தப் பெயரைப் பார்க்கிறோம். அது தவிர, தகப்பன் வழியாக மட்டுமே போகும் பெயருக்கு ஒரு தலைமுறையில் பெண்கள் மட்டுமே பிறந்தாலே ஆபத்து. விக்டோரியா காலத்தில் பெரிய குடும்பங்களின் பெயர்கள் ஏன் அழிகின்றன என்று ஃபிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலாளர் கேட்டு, ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் கணக்குப் போட்டு, 1874-ல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை இன்றும் நிகழ்தகவுப் பாடத்தில் வருகிறது. அந்தக் கணக்கின்படி, ஒற்றை ஆளிடம் தொடங்கும் பெயர்களில் பெரும்பாலானவை சில தலைமுறையிலேயே அணைந்துபோகும். அரிதான பெயர் என்றால் உயர்குடிப் பெயர் என்று பலர் நினைப்பது இதனால்தான் தவறு. அணையாமல் தப்பித்த ஒற்றை விளக்கு என்பதுதான் சரி.

தப்பித்தது எப்படி? துணி. ஹாலிஃபாக்ஸ் திருச்சபை வட்டம் நூறு சதுர மைலுக்கும் மேல் பரந்தது, ஆனால் மண் மோசம், மழை அதிகம், ஓட்ஸ் தவிர எதுவும் சரியாக விளையாது. அதனால் வீட்டுக்கு வீடு தறி போட்டு கெர்சி என்ற முரட்டுக் கம்பளித் துணி நெய்தார்கள். கம்பளி மொத்த வியாபாரத்தை நாடு முழுக்கக் கட்டுப்படுத்திய சட்டத்திலிருந்து ஹாலிஃபாக்ஸுக்கு மட்டும் 1555-ல் தனிச் சட்டம் போட்டு விலக்குக் கொடுத்தார்கள். அந்தச் சட்டத்தின் முகவுரையே சொல்கிறது: இங்குள்ள ஏழைகளுக்குக் குதிரை வைத்துக்கொள்ள வசதியில்லை, கம்பளியை மூன்று, நான்கு, ஐந்து, ஆறு மைல் தூரம் தலையிலும் முதுகிலும் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று. சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு காட்சியை நான் வேறெங்கும் படித்ததில்லை. 1720-களில் டேனியல் டீஃபோ இந்த வழியாக வந்தபோது மலைச்சரிவு முழுக்க வீடுகள், ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டு வாசலிலும் துணியை இழுத்துக் கட்டிக் காயவைக்கும் மரச்சட்டம், வெயில் பட்டதும் வெள்ளை வெளேரென்று மின்னியது என்று வியந்து எழுதினார். வேறு ஊரில் நிலம் போதாமல் இளைய பிள்ளைகள் பிழைப்பைத் தேடிக் கலைந்துபோவார்கள், இங்கே தறி இருந்ததால் அதே சரிவிலேயே குடும்பங்கள் பெருகின. சட்கிளிஃப், கிரீன்வுட், பாரக்ளஃப் என்று இந்தப் பள்ளத்தாக்கின் பெயர்கள் எல்லாம் பெருகியது இப்படித்தான், மர்கட்ராய்டும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

அவர்களில் ஒரு கிளை நெசவைத் தாண்டித் துணி வியாபாரத்தில் பெரிய பணம் பார்த்தது. கீத்லி பக்கத்தில் உள்ள ஈஸ்ட் ரிடில்ஸ்டன் ஹால் என்ற கல் மாளிகையை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் மர்கட்ராய்டு என்ற ஹாலிஃபாக்ஸ் துணி வியாபாரிதான், 1640-களில். அங்கே போனால் வாசல் முகப்புக்கு மேலே இருக்கும் வட்ட ஜன்னலைப் பாருங்கள், சக்கரம் போலக் கல்லில் செதுக்கியது. ஹாலிஃபாக்ஸ் பக்கத்துப் பணக்கார வீடுகளுக்கே உரிய வேலைப்பாடு அது. அடுத்த தலைமுறைகளில் வழக்கும் கடனுமாக அந்தச் செல்வம் கரைந்தது. அவர்கள் செய்த அட்டூழியம் பொறுக்காமல் பக்கத்தில் ஓடும் ஏர் ஆறே வெட்கப்பட்டுத் திசை மாறியது என்று ஊரில் ஒரு கதை. நடந்திருக்காது, ஆனால் ஆற்றையே சாட்சிக்கு இழுக்கும் அளவுக்கு அந்தக் குடும்பத்தைப் பற்றி ஊர் பேசியிருக்கிறது. இந்த மாளிகை இப்போது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் கையில், யாரும் போய்ப் பார்க்கலாம்.

இன்னொரு கிளை புறப்பட்ட இடத்தை விட்டு நகரவே இல்லை. 1847-ல் லடென்டனில் ஜான் மர்கட்ராய்டு என்பவர் வொர்ஸ்டெட் என்ற கம்பளி நூல் ஆலை கட்டினார். ஆலையின் பெயர் ஓட்ஸ் ராய்டு. ஓட்ஸ் விளைந்த புனம்! பெயரிலும் ராய்டு, இடத்திலும் ராய்டு.

பரவியது பெரும்பாலும் இந்த ஆலைகள் வழியாகத்தான். நூற்புக்கும் நெசவுக்கும் ஆள் தேவைப்பட்ட திசைக்கெல்லாம் கைத்திறன் உள்ளவர்கள் போனார்கள், முதலில் பிராட்ஃபோர்டு, லீட்ஸ், மலையைத் தாண்டி லங்காஷர், பிறகு கடல் தாண்டி அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. செஷரில் உள்ள மிடில்விச்சில் மட்டும் துணிக்குச் சம்பந்தமில்லாமல் இந்தப் பெயர் உப்பில் போய் ஒட்டியது. 1889-ல் ஜார்ஜ் மர்கட்ராய்டு என்பவர் அங்கே பூமிக்கடியில் உப்புநீர் ஊற்றைக் கண்டு ஆலை தொடங்கினார், அந்தக் கிணறும் பம்பும் இன்று பாதுகாக்கப்பட்ட சின்னம். போன இடத்தில் எழுத்தும் கொஞ்சம் மாறியது. ஸ்காட்லாந்தில் மர்கிட்ராய்டு என்று இகரம் போட்டு எழுதும் குடும்பம் உண்டு.

ஆனால் இந்தப் பெயரைக் கேட்டதும் அமெரிக்கர்கள் சிரிப்பதற்குக் காரணம் வேறு. லண்டனில் 1887-ல் கில்பர்ட்டும் சல்லிவனும் அரங்கேற்றிய 'ரடிகோர்' என்ற இசை நாடகத்தில் மர்கட்ராய்டு என்று ஒரு பிரபு வம்சம் வரும். தினம் ஒரு குற்றம் செய்யாவிட்டால் துடிதுடித்துச் சாக வேண்டும் என்று அந்த வம்சத்துக்குச் சாபம். அப்புறம் 1944-ல் ஒரு ஹாலிவுட் படத்தில் பெர்ட் லார் என்ற நடிகர் 'ஹெவன்ஸ் டு மர்கட்ராய்டு' என்று அலறினார், அதை ஸ்நாகில்புஸ் என்ற இளஞ்சிவப்புக் கார்ட்டூன் சிங்கம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு சேர்த்தது. பிரபு வம்சம் என்ற எண்ணத்துக்கு அந்த நாடகமும் ஒரு காரணமாக இருக்கலாம். கில்பர்ட்டின் கற்பனைப் பிரபுக்களுக்கும் வார்லி விவசாயிக்கும் பெயரைத் தவிர எந்த உறவும் கிடையாது.

எல்லோரும் ஒரே குடும்பமா? பெரும்பாலும் ஆம் என்றே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. யார்க்‌ஷர் பெயர்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஜார்ஜ் ரெட்மண்ட்ஸ் என்ற வரலாற்றாளர், இந்தப் பகுதிப் பெயர்கள் பல ஒரே மூதாதையிடம் போய்ச் சேரும் என்று ஆவணத்தை வைத்தே சொல்லி வந்தார். பிறகு 2000-ல் பிரையன் சைக்ஸ் என்ற மரபியல் அறிஞர் தன் சொந்தப் பெயரையே சோதித்தார். சைக்ஸ் என்றால் சிற்றோடை, யார்க்‌ஷரில் சிற்றோடைக்கா பஞ்சம், பல இடத்தில் தோன்றிய பெயர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் உறவு தெரியாத 48 சைக்ஸ் ஆண்களின் ஒய் குரோமோசோமை, அதாவது தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் மரபுக்கூற்றை, எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஒரே வடிவம். 2009-ல் டூரி கிங், மார்க் ஜாப்லிங் என்ற மரபியல் அறிஞர்கள் இருவரும் 40 பெயர்களைச் சோதித்தபோது, பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவு அதிகமாக ஒரே மூதாதை தெரிந்தது, ஸ்மித்களிடம் அப்படி ஒன்றும் இல்லை. நிபந்தனை என்னவென்றால், ஒத்துப்போகாத மீதிப் பேர். தத்துப் பிள்ளை, தாயின் பெயரை எடுத்துக்கொண்ட பிள்ளை, மறுமணத்தில் வந்த பிள்ளை என்று எழுநூறு வருடத்தில் எத்தனையோ நடக்கும். அதனால் உங்கள் நண்பர் டெஸ்ட் எடுத்துப் பொருந்தவில்லை என்றால் அவர் மர்கட்ராய்டு இல்லை என்று ஆகிவிடாது. பெயர் வந்த வழி ஒன்று, ரத்தம் வந்த வழி இன்னொன்று.

இன்னொரு எச்சரிக்கை. 'உங்கள் குடும்பப் பெயரின் சின்னம்' என்று கேடயம் அச்சடித்து விற்கும் கடைகளில் பணத்தைக் கொடுக்க வேண்டாம். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும் கொடுப்பது, ஒரே பெயர் இருக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் சொந்தமாகாது.

அந்தப் பணத்துக்குப் பதிலாக அவர் தாத்தாவின் பிறப்புப் பதிவிலிருந்து தொடங்கிப் பின்னால் போகட்டும். அரசுப் பதிவு 1837 ஜூலையில் தொடங்குகிறது, அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடு. ஹாலிஃபாக்ஸ் தேவாலயப் பதிவேடு 1538-லிருந்தே இருக்கிறது, அது பெரிய அதிர்ஷ்டம். 1881 மக்கள்தொகைக் கணக்கில் பிறந்த ஊர் என்ற பத்தியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வார்லி, லடென்டன், மிட்ஜ்லி, சவர்பி, ஓவென்டன் என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிக்கு வேக்ஃபீல்டு சுருள்கள் இருக்கின்றன, அவர் வேலை பார்க்கும் அதே லீட்ஸில்.